முடிச்சுக் கணக்கு

வியாழக்கிழமை, ஏழரை மணி.
திபிலிசியில் மழை விட்டும் தூவானம் விடவில்லை.
பேருந்தை டிப்போவில் போட்டுவிட்டு
சீருடையோடே வந்து உட்கார்ந்தான் நுக்சார்.
ஆடுகிற மேசைக்கால் அடியில்
மடித்த பயணச்சீட்டைச் செருகினான்.

ஆவி பறக்க முப்பது கின்காலி.
மாவுக்குள் கறி, கறியைச் சுற்றிக் கொதிக்கிற சாறு,
உச்சியில் சுருக்குப்பை மாதிரி ஒரு முடிச்சு.
முள்கரண்டி எடுத்தால் மானம் போய்விடும்.
மிளகைத் தூவு,
முடிச்சைப் பிடித்துக் கவிழ்,
ஓரமாய்ச் சின்னக் கடி, உறிஞ்சு.
பேச்சு அப்புறம்.

மருந்துக்கடை சியாலாவுக்கு
ஒரு சொட்டும் சிந்தாது.
எனக்கு முழங்கை வரைக்கும் வழியும்.
வாராவாரம் சிரிக்கிறார்கள்,
இன்றுதான் பார்த்ததுபோல.

முடிச்சை யாரும் தின்பதில்லை.
தட்டோரம் கிடந்து
அவரவர் பசியைக் காட்டிக்கொடுக்கும்.
நுக்சார் பதினொன்று, மார்தட்டிக்கொண்டான்.
சியாலா ஒன்பது. நான் ஏழு.
இருபத்தேழுதானே ஆகிறது?

விசாரணை நடந்தது.
அடுப்படியில் கேட்டோம்.
மேசைக்கடியில் இருந்த பூனையும் தப்பவில்லை.
கடைசியில் சியாலா
மடியிலிருந்த காகிதக் கைக்குட்டையைப் பிரித்தாள்:
மூன்று முடிச்சு.

"பதினொன்றில் நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய்,
கெடுப்பானேன்?"

நுக்சார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு பெல்ட்டை ஒரு துளை தளர்த்தி,
"லமாரா, இன்னும் இரண்டு!"

"ஐந்துக்குக் குறைந்து வேகவைப்பதில்லை"
என்றது சமையலறை.

சரி, ஐந்து.
அது வரும்வரை
எதையோ பேசிக்கொண்டிருந்தோம்.
கடைசிப் பேருந்து
எங்களை விட்டுப் போனது.
ஓட்டியவன் கையசைத்தான்.