ஆத்தி நார்

அய்யூர் செக்போஸ்டில் நோட்டு நீட்டினார்கள்.
பெயர், ஊர், உள்ளே போன நேரம், வந்த காரணம்.
காரணக் கட்டத்தில் எனக்கு முன்னால் யாரோ
‘சும்மா’ என்று எழுதியிருந்தார்.
அதற்குக் கீழே மேற்படிக்குறி போட்டேன்.

ராத்திரி டியூட்டி முடித்து நேரே வந்திருந்தேன்.
ஓசூரில் ஏறித் தூங்கி
தேன்கனிக்கோட்டையில் விழித்தபோதும்
விரலில் ஸ்பிரிட் வாசனை.
காவலர் சிக்கமாதன் மூக்கைச் சுளித்தார்:
"ஆனைக்கு இது ஆவாது. மண்ணு தேய்ச்சுக்குங்க."
தேய்த்துக்கொண்டேன்.
பதினோரு வருஷமாய்க் கழுவிக் கழுவியே
ரேகை மங்கிய கை.

லேப் ஜபீனா,
ஆம்புலன்ஸ் முனிகிருஷ்ணன்,
வழியெல்லாம் சென்ட் கணக்குப் பேசிய அவன் மச்சான்,
நான்.

முதலில் உண்ணிச்செடிப் புதர்.
அப்புறம் பூத்துச் செத்த மூங்கில் சரிவு,
காற்றே இல்லாமல் தானாக நொடித்துக்கொண்டு.
ஓரிடத்தில் ஆள் ஆழத்துக்கு ஒரு குழி.
சந்தனம் இருந்த இடம் என்றார் சிக்கமாதன்.
வேரைக்கூட விடவில்லை.
குழிக்குள் நாலைந்து சந்தனக் கன்றுகள்,
என் சுண்டு விரல் உயரம்.

அங்கேதான் என் ஷூ வாயைப் பிளந்தது.
அவர் ஒரு ஆத்தியில் பட்டை உரித்து
பல்லால் நார் கிழித்து
அடியோடு சேர்த்து இறுக்கினார்.
"ஆனையையே கட்டலாம்மா இதுல."
கட்டியிருக்கிறீர்களா என்று மச்சான் கேட்டான்.
"ஆனை ஒத்துக்கணுமில்ல."

மேட்டில் போன் அடித்தது:
கர்நாடகத்துக்கு நல்வரவு.
நாங்கள் நின்றதோ கிருஷ்ணகிரி மாவட்டம்.

இறக்கத்தில் வெயில் நின்றுவிட்டது.
மெதுவாகக் குறையவில்லை. நின்றுவிட்டது.
எந்த மரத்தையும் எவரும் நட்டிருக்க முடியாத இடம்.
விழுந்து கிடந்த ஒன்றின் மேலேயே
இன்னொன்று காலூன்றி வளர்ந்து
அதுவும் கிழடாகியிருந்தது.
ஓடைக்குப் பெயர் கேட்டேன்.
"ஹள்ளா" என்றார்.
ஹள்ளா என்றாலே ஓடைதானே?
"ஆமா. இங்க இது ஒண்ணுதானே."

புளியோதரையைப் பிரித்தோம்.
எதிர்க்கரையில் கிளை முறிந்தது.

சிக்கமாதன் கையை மட்டும் அசைத்தார்.
ஐந்து பேரும் ஒரு நீர்மத்திக்குப் பின்னால் போனோம்.
ஐந்து பேரும் மறைந்தோம்,
இன்னும் நாலு பேருக்கு இடமிருந்தது.

எட்டா, ஒன்பதா, தெரியவில்லை.
வயிற்றுக்குள் உருளும் சத்தம் மட்டும்
தண்ணீர் மேல் வந்தது.
என் கை பட்டையில் இருந்தது.
இரண்டு விரல், மணிக்கட்டில் வைப்பதுபோல.
மறு கையின் வாட்சைப் பார்த்தபடி
நொடி எண்ணத் தொடங்கியிருந்தேன்.
நானாகச் செய்யவில்லை.

முந்தின ராத்திரி இப்படித்தான்.
சூளகிரி விபத்துக் கேஸ், இருபத்திரண்டு வயது.
டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகும்
விரலை எடுக்காமல் இருந்தேன்.
மூன்று பத்து என்று எழுதினேன்.
மூன்று பதினாலு வரை பிடித்திருந்தேன்.

மரத்தில் ஒன்றும் துடிக்கவில்லை.
குளிர்ந்து, வழவழவென்று இருந்தது.
எறும்புகள் என் விரலைச் சுற்றிப் போகாமல்
மேலேறி இறங்கி
தம் வேலையாய்ப் போயின.
அறுபது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து.
நாற்பது நிமிஷம்.
ஜபீனா என் தோளில் நெற்றி வைத்து
உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள்.

யானைகள் போனதை நாங்கள் பார்க்கவில்லை.
சிக்கமாதன் பீடியைத் தேடியபோதுதான்
போய்விட்டன என்று தெரிந்தது.
மச்சான் அண்ணாந்து பார்த்துக் கேட்டான்:
"இது எத்தனை கன அடி வரும்?"
யாருக்கும் கோபம் வரவில்லை.
முனிகிருஷ்ணன் சிரிக்கத் தொடங்கி
இருமும் வரை சிரித்தான்.

புளியோதரையில் எறும்பு ஏறியிருந்தது.
தட்டிவிட்டுச் சாப்பிட்டோம்.

செக்போஸ்டில் வெளியே வந்த நேரம் கேட்டார்கள்.
ஐந்து இருபது.
எழுதிய கையெழுத்து
என்னுடையது மாதிரியே இருந்தது.

மறுநாள் டியூட்டிக்குக் கிளம்பும்போது
நாரை அவிழ்க்கப் பார்த்தேன்.
முடிச்சு இன்னும் இறுகியிருந்தது.
மாவுக்கட்டு வெட்டும் கத்தரியைப் போட்டேன்.
இரண்டு தடவை வழுக்கியது.