எர்தி

கொபுலேட்டியில் நான் கற்ற முதல் சொல்
எர்தி.
ஒன்று.
பயணச்சீட்டு எர்தி, தேநீர் எர்தி,
அறைக்கும் அதே.
விடுதிக்கார நஸிப்ரோலா
ஒற்றை விரலை என் மூக்குக்கு நேரே நிறுத்தி
எர்தி? என்றாள்.
எர்தி என்றேன்.
விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
இரண்டு தலையணை போட்ட அறையைத் திறந்தாள்.
விடிந்தபோது இரண்டிலும் பள்ளம்.

செப்டம்பர் முடிகிறது.
குடைகளைச் சுருட்டிக் கட்டிவிட்டார்கள்.
நீர்ச்சறுக்குக் கோபுரத்தில் யாருடைய போர்வையோ காய்கிறது.
காதில் மஞ்சள் வில்லை குத்திய நாய்கள்
பைன் மரத்தடியில்
சம்பளம் நின்றுபோன காவலாளிகள் மாதிரி படுத்திருக்கின்றன.
மணல் கிடையாது, எல்லாம் கூழாங்கல்.
அலை திரும்பும்போதெல்லாம்
ஒரு லாரிக் கல்லை யாரோ அவசரமில்லாமல் கொட்டுகிற சத்தம்.
(இந்த நாட்டுக் காசுக்கும் லாரி என்றுதான் பெயர்.
இரண்டு லாரிக்கு ஒரு தேநீர்.
சிரிக்கப் பக்கத்தில் ஆளில்லை.)

தனியே போகிறவளுக்கு
உண்மையில் ஒரே தொல்லைதான்:
கடலில் இறங்கினால்
பையை யார் பார்த்துக்கொள்வது?
கடவுச்சீட்டு, கைப்பேசி, அறைச் சாவி,
மைனஸ் ஆறு கண்ணாடி.
மூன்று நாள் முழங்கால்வரை நனைந்து
திரும்பித் திரும்பிப் பார்த்ததில்
கழுத்து வலி கண்டதுதான் மிச்சம்.

கிளம்புகிற நாள்.
நாலே முக்காலுக்கு மார்ஷ்ருத்கா.
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த
ஒரு கிழவரிடம் போய்
பையை, என்னை, கடலை, மறுபடி பையைக் காட்டினேன்.
அவர் இரண்டு விரலால் தன் கண்களைத் தொட்டு
விரல்களைப் பைமேல் வைத்தார்.

கண்ணாடி இல்லாத கடலிலிருந்து
கரை ஒரு கலங்கிய கோடு.
பழுப்பாய் ஏதோ அசைந்தது.
அவரா, நாயா,
பையோடு நடையைக் கட்டுகிற ஆளா,
தெரியவில்லை.
தெரியாது என்று ஆனபிறகு மல்லாந்தேன்.
வானத்துக்குக் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை.

பை இருந்தது.
காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு கல்.

பிறகு அவர் எழுந்தார்.
கால்சட்டையை மடித்து வைத்தார்.
காதுக் கருவியைக் கழற்றித்
தீப்பெட்டியில் போட்டு
என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.
இப்போது இரண்டு விரலும் என் கண்களுக்கு நேரே.

எழுபதாவது இருக்கும்.
துருக்கிக்கே போகிறவர்போல நேராக நீந்தினார்.

நாலு இருபது. தலை ஒரு புள்ளி.
நாலரை. புள்ளியா, நீர்க்காகமா.
கத்திக் கூப்பிடலாம் என்று எழுந்துவிட்டேன்.
கேட்கவேண்டிய காது
என் கையில் இருந்தது.

சட்டைமேல் வைத்து ஒரு கல்லைத் தூக்கி வைத்துவிட்டு
ஓடியிருக்கலாம்.
பெட்டிக்குள் அது சன்னமாக விசிலடித்தது.
உட்கார்ந்தேன்.
மரங்களுக்குப் பின்னால் மார்ஷ்ருத்கா
ஹாரன் அடித்துக்கொண்டே போனது,
எனக்காக அல்ல,
சாலையில் நின்ற மாட்டுக்காக.

ஐந்தேகாலுக்கு வந்தார், உதடு நீலமாக.
கருவியை மாட்டிக்கொண்டதும்
இனி எனக்கும் எல்லாம் புரியும் என்பதுபோல்
நீளமாகப் பேசினார்.
கையில் இருந்த ஒரே சொல்லை வைத்து
என்ன பதில் சொல்வேன்?
நெஞ்சைத் தட்டி, ஷுக்ரி.
நானும் தட்டினேன், வான்மதி.
வானோ, என்றார். வானோ, வானோ.
அது இங்கே ஆம்பிளைப் பெயர் என்று
பிற்பாடு நஸிப்ரோலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சாவியைத் தந்தாள், விரல் எதையும் உயர்த்தாமல்.
ஆறு லாரிச் சீட்டு வீண்.
நாளைக்கு வேறு வாங்கவேண்டும்.
செருப்பிலிருந்து ஒரு கூழாங்கல்
தரையில் விழுந்து
கட்டிலுக்கடியில் உருண்டு போனது.
குனிந்து பார்த்தேன்.
அங்கே முன்பே நாலைந்து கிடந்தன.