ஊர் முறைக்கு அக்கா

கோப்பின் முதுகில் ஆங்கிலத்தில் இருப்பதை
சகோதரி நகரம் என்று பெயர்த்துக்கொள்வேன்.
மேடைச் சொல் அது.
எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரையும்
சகோதரியே என்று சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

குரிண்டா நகராட்சியில் எனக்கு வேலை
குப்பைத்தொட்டிப் புகார், நாய் உரிமம்,
ஆண்டுக்கு ஒருமுறை ஜப்பான்.
விக்டோரியாவின் வடமேற்கு மூலை;
மூன்று கோதுமைக் குதிர்கள்,
ரயில் நிற்காத ஒரு ரயில் நிலையம்,
எல்லைப் பலகையில்
ஒகிமியா என்று எழுதி, நடுவில்
யாரோ சுட்டுப் பழகிய துளை.

இம்முறை எட்டுப் பேர் வந்தார்கள்,
நாற்பது பாகை வெயிலில் கறுப்புக் கோட்டோடு.
மெல்பர்னிலிருந்து வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர்
வழியில் ஒரு கங்காருவை இடித்துவிட்டார்.
(கங்காரு எழுந்து போய்விட்டது. கார்தான் போகவில்லை.)
ஆக, இறைச்சிப் பை ஆறிக்கொண்டிருக்க
ஒன்றரை மணி நேரம்
பதினான்கு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

மேயர் கெர்ரி ஹாலொரன்
நாம் சகோதரிகள் என்று மூன்றாம் தடவை சொன்னபோது
தொகுனாகா அம்மையார் பேனாவைத் திறந்து
காகிதத் துவாலையில் இரண்டு எழுத்து வரைந்தார்.
அவரிடம் கொஞ்சம் ஆங்கிலம் இருந்தது,
சில்லறை போல, எண்ணி எண்ணிக் கொடுத்தார்.
இது மூத்தவள். இது இளையவள்.
இரண்டையும் சேர்த்து எழுதினால்தான்
எங்களுக்கு இந்தச் சொல்லே வரும்.
இதில் குரிண்டா எது?

எதுவானால் என்ன, இரண்டும் ஒன்றுதானே
என்றார் மேயர்.
நானும் தொகுனாகாவும்
ஒரே நொடியில் இல்லை என்றோம்.

எப்படி ஒன்றாகும்?
திட்டும் உரிமை ஒருத்திக்கு,
முகத்தைத் தூக்கிக்கொள்ளும் உரிமை இன்னொருத்திக்கு.
வெள்ளம் வந்தால் முதல் போன் யார் போடுவது,
கடைசிப் பணியாரம் யார் தட்டில் விழுவது,
எல்லாம் அந்த ஓர் எழுத்தில் அல்லவா இருக்கிறது.

கணக்குப் பார்த்தோம்.
ஒகிமியாவின் கோயில் மணிக்கு அறுநூறு வயதாம்.
குரிண்டாவை அளந்து கல் நட்டது
ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழில்.
சரி, நாங்கள்தான் தங்கை என்று
விரலில் ஒட்டிய சாஸை நக்கினார் மேயர்.

டெல்மா அதுவரை பேசவில்லை.
கவுன்சிலில் ஆற்றோர வார்டு அவருக்கு.
முள்கரண்டியால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார்,
செந்நிற யூகலிப்டஸின் இடுப்பில்
ஆளுயரத்துக்கு உரித்தெடுத்த தழும்பு.
அதில் ஓடம் செய்து போனவர்கள் என் ஆட்கள்.
மணியை வார்ப்பதற்கு எவ்வளவோ முன்பே
இந்த இடத்துக்கு ஒரு பெயர் இருந்தது.

தொகுனாகா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு பேனாவை மூடினார்.
கணக்கு அதோடு நின்றது, தீராமல்.

லாரி ஒன்றில் தொற்றி வந்து இறங்கிய மொழிபெயர்ப்பாளர்
என்ன பேசினீர்கள் என்று கேட்டதற்கு
குடும்ப விஷயம் என்றார் மேயர்.

புறப்படும் காலையில் என் பிறந்த ஆண்டைக் கேட்டார் தொகுனாகா.
என்னைவிட ஒன்பது வயது மூப்பு.
அதன்பின் சூட்கேஸை யார் தூக்குவது என்பதில்
எங்களுக்குள் பேச்சே எழவில்லை.

குளிர்காலத்தில் மெல்பர்ன் சுங்கத்திலிருந்து ஓர் அழைப்பு.
ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி, உள்ளே உலர்ந்த பெர்சிமன் பழங்கள்.
விதை இருக்குமா?
தெரியாது.
அனுப்பியவர் உங்களுக்கு யார்?
அக்கா, என்றேன், யோசிக்காமல்.
அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.
தொகுனாகா என்று ஒரு தடவை,
நாகேந்திரம் எழில்வதனி என்று ஒரு தடவை
தனக்குள் படித்துப் பார்த்தான் பையன்.
கூடப் பிறந்தவரா?

இல்லை. ஊர் முறைக்கு.

அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க
எனக்கு நாலு நிமிடம் பிடித்தது.
விதை இருந்த மூன்றை எடுத்துக்கொண்டு
மீதியை அனுப்பி வைத்தார்கள்.