போகா முனை

புதுவயல் அரிசி மில்களில் விடிய விடிய ஆட்டம்.
உமி பறக்கிற அந்த ஆட்டத்தில்
முதலில் கழன்று விழுவது போல்ட்டுதான்.
குனிந்து அதைப் பொறுக்கி
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தவர் எங்கள் ஐயா,
சா. பெத்தபெருமாள்.
வட்டிக்கடை வை என்ற பங்காளிகளிடம்
மரை வெட்டப் போகிறேன் என்றாராம்.
ஊரே சிரித்தது:
வெட்டுவது இருக்கட்டும், இவனுக்கு முதலில் கழண்டதை முடுக்கச் சொல்.

ஐம்பத்தெட்டில் ஒரு லேத்து, ஓர் ஆயில் எஞ்சின்.
தேக்குத் தூணை விற்று வாங்கினார் என்பார்கள்.
பேரேடு என்னிடம் இருக்கிறது.
தூண் எதுவும் போகவில்லை.
மைத்துனரிடம் கடன், பதினெட்டு வட்டி.

போல்ட்டுத் தலையில் விலாசம் பொறித்தார்:
சா.பெ.
அறுகோணத்தில் அதற்குமேல் இடமில்லை.

எண்பத்து நாலில் பாகம் பிரிந்தது.
காரணம் ஒரு லோடு கம்பி பில்,
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
பெரியப்பச்சி வயிரவனுக்குப் போல்ட்டு.
என் அப்பச்சி அடைக்கப்பனுக்கு நட்டு.
அறந்தாங்கி ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவர்கள்,
இந்தப் பக்கம் நாங்கள்.
விலாசம் அவர்களோடு போயிற்று.
'நட்டுக்கு ஏது தலை,
எங்கே கொண்டு பொறிக்க'
என்று அப்பச்சி சொன்னது சிரிப்பா, வேறெதுவுமா,
எனக்கு அப்போது ஆறு வயசு.

பிரிக்க முடியாமல் நின்றது தாய் கேஜ் ஒன்றுதான்.
கைப்பிடி நடுவில், இரு பக்கமும் மரை:
ஒரு முனை நட்டுக்குள் போக வேண்டும்,
மறுமுனை போகக் கூடாது.
நாங்கள் அதில் நட்டைப் பார்ப்போம்,
அவர்கள் அதை வைத்துத்தான்
போல்ட்டு பார்க்கும் வளையத்தைச் சரிசெய்வார்கள்.
முச்சலிக்கையில் எழுதியிருக்கிறது:
திங்கள், புதன், வெள்ளி அங்கே.
செவ்வாய், வியாழன், சனி இங்கே.
ஞாயிறு எண்ணெய் பூசிப் பெட்டியில்.
சாவி சூசைமாணிக்கத்திடம்.

மஞ்சள் துணியில் சுற்றி
லாரிகளுக்குக் கை காட்டி
இருபத்தேழு வருடம் அவர் ரோட்டைக் கடந்தார்.
சாவுக்குப் போய்வந்தோம். கல்யாணத்துக்கு மொய் மட்டும் போனது.
பேச்சு கிடையாது.

பள்ளத்தூரில் கட்டிக்கொடுத்ததால்
காலை பஸ்ஸில் வந்து மாலை திரும்பலாம்;
சோதனை மேசை என் கைக்கு வந்தது.
அந்த வருடமே ஓசூரிலிருந்து ஆறு மூட்டை திரும்பியது:
எந்தப் போல்ட்டிலும் ஏற மாட்டேன் என்கிறது உங்கள் நட்டு.
எதிர்ப்பக்கமும் ஒரு லாரி சரக்கு இறங்கியது.
எந்த நட்டிலும் லொடலொடக்கிறதாம்.
சொன்னவர் சூசைமாணிக்கம்,
இரு பக்கமும் டீ குடிப்பவர்.

அவரிடம் சொல்லி ஒரு போல்ட்டு வரவழைத்து
எங்கள் நட்டை அதில் சுற்றினேன்.
வெண்ணெய்.

கேஜை மடியில் வைத்துக்கொண்டு மதுரைக்குப் போனேன்.
பதினெட்டு மைக்ரான் என்றான் அந்தப் பையன்,
தலைமுடியில் காலே கால்.
போகிற முனை போய்ப் போய்த் தேய்ந்திருக்கிறது.
போகா முனை
வந்த நாள் கருக்கோடு அப்படியே.

பிசகாமல் அளந்திருக்கிறோம்,
இரண்டு வீடும், ஒரே பிசகை.
ஊர் உலகத்தில் எவருக்கும் பொருந்தாமல்
எங்களுக்குள் மட்டும் பொருந்தி.

சான்றிதழோடு நானே ரோட்டைக் கடந்தேன்.
சொக்கு அண்ணன் இரண்டு தடவை வாசித்தார்.
மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
'புதுசு என்ன விலை?'
சொன்னேன்.
'ஆளுக்குப் பாதி?'
'வேண்டாம்ணே. ஆளுக்கு ஒண்ணு வாங்குவோம்.
வருசா வருசம் மதுரைக்கு அனுப்புவோம்.'
சரி என்றார். காபி வந்தது, சீனி தூக்கல்.

சூசைமாணிக்கத்துக்குத் தூக்க ஒன்றுமில்லை இப்போது.
பத்து மணிக்கு வெறுங்கையோடு கடக்கிறார்,
லாரிகளுக்குக் கை காட்டி.

மிஞ்சிய மூன்று டன் சரக்கையும்
அவர்கள் போல்ட்டில் எங்கள் நட்டை மாட்டி
ஜோடி ஜோடியாகப் புதுவயல் மில்களுக்கே விற்றோம்.
பில்லில் எந்த விலாசம் போடுவது என்று
அரை நாள் வழக்கு.
கழல்கிறது என்று
இன்றுவரை ஒருத்தரும் வரவில்லை.