எந்த மைக்

எல்லிஸ் நகர் வாரியக் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
வயலின் வயிற்றில் ஒட்டிய பிக்கப்பிலிருந்து
சிவப்புப் பெட்டிக்கு ஒரு வயர்,
பெட்டியிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொன்று,
அங்கிருந்து வயரே இல்லாமல்
திண்டுக்கல்லில் ரொசாரியோவுக்கும்
மேலூரில் நைனாருக்கும்.

போகிறது.
தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து
யாரோ அழுவதுபோலப் போகிறதாம்.

முதல் வாரம் சுருதியே சேரவில்லை.
நான் வாசிப்பது ஓரிடம்,
போய்ச் சேருவது ஒன்றரை சுரம் தூக்கலாய்.
நொடிக்கு எத்தனை தடவை ஒலியை நறுக்குவது என்பதில்
அவர்கள் நாற்பத்தெட்டாயிரம்,
நான் நாற்பத்து நாலாயிரத்து நூறு.
எண்ணை மாற்றினேன், இறங்கி வந்தது.

அடுத்து உறுமல்.
வயலினைக் கீழே வைத்தாலும் உறுமல்.
எலெக்ட்ரீசியன் முனியசாமி சுவரைத் தட்டிப் பார்த்து
"எர்த்தா? இந்தக் கட்டடத்துக்கா?" என்று சிரித்து
நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.
சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் வாசித்தேன்.
"உறுமல் இல்லக்கா" என்றான் நைனார்,
"உங்க தெருவுல கூழ் ஊத்துறாங்களா?"
ஆடி மாசம், எந்தத் தெருவில்தான் ஊத்தவில்லை
என்று நினைத்துக்கொண்டேன்.

பஃபரைக் குறைத்தால்
எண்ணெயில் கடுகாய் வெடிக்கிறது.
ஏற்றினால், ரொசாரியோ அடித்த ஒன்று
என் காதுக்கு வருவதற்குள்
அவன் இரண்டுக்குப் போயிருக்கிறான்.

இன்றைக்கு, டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய
புது வயரும் கைவிட்ட பிறகு,
"வாசிக்காதீங்கக்கா. பிக்கப்ப விரலால தட்டுங்க."
தட்டினேன்.
"ஒண்ணும் வரல. இப்ப லேப்டாப் ஓரத்துல
நகத்தால சுரண்டுங்க."
சுரண்டினேன்.
"ஆங்" என்றான்.
அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அமைப்புகள், ஒலி, உள்ளீடு.
ரேஷன் கடையில் பெயர் கூப்பிடாத ஆள்மாதிரி
இரண்டாவது வரியில் நின்றது சிவப்புப் பெட்டி.
டிக் விழுந்திருந்தது முதல் வரியில்,
லேப்டாப்போடு பிறந்த மைக்குக்கு.

மூன்று வாரமாக.

பெட்டியின் மியூட் பொத்தானை
நான் அழுத்திய போதெல்லாம்
எதன் வாயும் மூடவில்லை.

"இவன் டிரம் அடிக்கிறானா, சட்டி கழுவுறானா?"
திண்டுக்கல் வரை போயிருக்கிறது.
மறுவாரம் அவன் குச்சியை விட்டு
பிரஷ்ஷால் வாசித்தான்.
ஏன் என்றதற்கு,
பக்கத்து வீட்டில் பிள்ளை தூங்குது என்றான்.

தங்கச்சிக்குப் போன் போட்டு
"உன் வளையலை ஒரு மாசம் குடுடி,
வச்சுட்டு மீட்டுத் தர்றேன்,
உன் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம்" என்றது
மேலூர் வரை போயிருக்கிறது.
மூன்றாம் நாள் நைனார்:
தை மாசம் ஒரு ரிசப்ஷன், தனி வயலின் வேணுமாம்,
அட்வான்ஸ் இப்பவே அனுப்புறாங்க.
தைக்கு ஆடியிலேயே ஐயாயிரமா?
மாப்பிள்ளை பேரு என்ன என்று கேட்டபோது
அவனுக்கு இருமல் வந்தது.
நான் தண்ணி குடி என்றேன்.

இரண்டாவது வரியைத் தொட்டேன்.
டிக் இறங்கி வந்தது.
ஒரு இழு, திறந்த தந்தியில்.
"இப்பத்தான் வயலின் வயலினா இருக்கு"
இரண்டு பேரும், ஒருத்தன் கொஞ்சம் பிந்தி.

மியூட்டை அழுத்தினேன்.
உரக்கவே சொன்னேன்:
"தைக்குள்ள திருப்பித் தந்துருவேன் நைனாரு."
அவன் கீபோர்டில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தான்,
சில சுரங்கள் உதிர்ந்தன.
நிஜமாகவே கேட்கவில்லை.
கீழே அம்மன் கோயில் ஒலிபெருக்கி
எனக்கு மட்டும் பாடியது.

மியூட்டை எடுத்தேன்.
"இன்னும் எவ்வளவு பிந்துறேன்?"
"இருபத்து மூணு மில்லி செகண்டு. பரவாயில்லக்கா,
வாசிக்கிற மனுசனே அதுக்கு மேல பிந்துவான்."

"சரி. ரொசாரியோ,
பிரஷ் வேண்டாம். குச்சியையே எடு."

பதில் வர
இருபத்து மூன்றைவிட ரொம்ப நேரம் பிடித்தது.
அப்புறம் குச்சியோடு குச்சி
நாலு தட்டு.