நாலாவது கற்பூரக் கன்று

நாலாவது முறையாக அதே குழியில்
கற்பூரக் கன்று நட்டிருக்கிறார்கள்.
நாலாவது முறையாக நான் தண்ணீர் ஊற்றுகிறேன்,
பிழைக்காது என்று தெரிந்தே.

யாங்சிக் கரை இங்கே இப்போது பூங்கா.
பதினேழாம் எண் பெஞ்சில் உட்கார்ந்து
சூரியகாந்தி விதை கொறிக்கும் ஜோடிக்குத் தெரியாது
அது மூன்றாம் பம்ப் நின்ற இடம்.
பிள்ளைகள் சறுக்கி விளையாடும் மேட்டில்
எங்கள் கட்டுப்பாட்டு அறை இருந்தது.
பன்னிரண்டு வருடம் அங்கே
முள்ளைப் பார்ப்பதுதான் வேலை.
அழுத்தம், வெப்பம், மறுபடி அழுத்தம்.
கண்ணை மூடினால் இமைக்குள்ளும்
ஒரு முள் நடுங்கும்.

கடைசி நாள் வால்வை மூடியது நான்.
இடது கையால்.
வலது கையில் யாரோ பூங்கொத்தைத் திணித்திருந்தார்கள்,
போட்டோவுக்காக.

ஆலையைப் பற்றி என்னிடம் கெட்டதாகப் பேசாதீர்கள்.
ஷிஹானின் கோணல் பல்லுக்குக் கம்பி கட்டியதும்
மாமியாரின் இதயத்தில் குழாய் வைத்ததும்
அந்த மஞ்சள் புகைதான்.
நல்லதாகவும் பேசாதீர்கள்.
காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை
மாலையில் தேநீர் நிறத்தில் கொடியில் தொங்கும்.
அதைத்தான் மகள் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

ஆலை ஒன்றும் சாகவில்லை.
நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலைக்குப் பின்னால்.
புது இயந்திரம், பாதி ஆட்கள்.
கெய்லின் அந்தப் பாதியில், நான் மீதியில்.
வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் வருவார்.
ஒருமுறை கேட்டேன், அங்கே ஓடை இருக்கிறதா என்று.
இருக்கிறது, சுத்தமாக இருக்கிறது,
மணிக்கொரு தரம் சோதிக்கிறார்கள் என்றார்.
எங்கே போகிறது?
நூடுல்ஸை உறிஞ்சி முடித்தார்.
எல்லா ஓடையும் எங்கே போகுமாம்?

போன அக்டோபரில், மூடுபனிக்குள்
நான்கு கருத்த முதுகுகள்.
ஆற்றுப்பன்றி என்போம், படித்தவர்களுக்கு ஓங்கில்.
எழும்பி, மூச்சுவிட்டு, அமிழ்ந்தன.
துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு எண்ணினேன்,
எண்ணிப் பழகிய கண்.
ஆலை நாட்களிலும் வந்தனவா என்று
மைக்கை நீட்டினார் டிவிக்காரர்.
எங்கள் அறை ஜன்னல் ஆற்றைப் பார்த்து இல்லை என்றேன்.
அது பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை ஓயாங் வந்தார்,
பூங்கா மேற்பார்வை அவர்தான்.
கருகிய இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு
உரம் போதவில்லையோ என்றார்.
உரமா!
சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு.

அந்த இடத்தில்தான் குழாயின் கழுத்து விட்டுப்போய்
மூன்று ராத்திரி அமிலம் மண்ணுக்குள் இறங்கியது.
மூன்று ராத்திரியும் பதிவேட்டில்
"இயல்பு" என்று எழுதியிருக்கும்.
கையெழுத்து என்னுடையது.

சொன்னால் தோண்டுவார்கள்.
தகரம் அடித்து வடக்குப் பக்கத்தை மூடுவார்கள்.
சுட்ட ஸ்க்விட் விற்கும் அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு
வேறு எங்கே போவாள்?
துப்புரவில் ஆறு பேரைக் குறைப்பார்கள்,
என் பெயர் அதில் முதலில் வரும்.
ஒரே இடத்தில் இரண்டாம் முறை வேலை போவது
எத்தனை பேருக்கு வாய்க்கும்?

துடைப்பக் கட்டையால் கோடு கிழித்தேன்,
கன்றிலிருந்து கரைவரை.
இங்கே ஆறடி தோண்டுங்கள் என்றேன்.

ஓயாங் கோட்டைப் பார்த்தார்.
சறுக்குமேட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்.
அப்புறம் செருப்பால் கோட்டின் ஒரு முனையை
மெதுவாகத் தேய்த்தார்.
தேசிய நாள் விடுமுறை முடியட்டும்,
ஒரு வாரம்தானே.

சரி என்றேன்.

அன்றிலிருந்து அந்தக் கன்றுக்கு மட்டும்
நான் தண்ணீர் ஊற்றுவதில்லை.
ஊற்றுகிற ஒவ்வொரு வாளியும்
கீழே இருப்பதை ஆற்றுப் பக்கம் ஓர் அங்குலம் தள்ளும்.
வாடினால் வாடட்டும்.
யாராவது கேட்டால்
மறந்துபோச்சு என்பேன்.