கால் சுற்று

விக்ஸ்ஹவுசன் காட்டோரம்,
தரைக்கடியில், இரவு மூன்று இருபது.
ஒரு நெல்லின் நீளம்கூட இல்லாத ஈயக்குழாய்,
அதன் நடுவே உறைந்த ஹைட்ரஜன்.
ஓர்ட்ரூன் அதை ஒட்டி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.
அது இல்லாமல் போக
ஓர் இமைப்பொழுதை எத்தனை கூறு போடுவது?

யுரேனியக் கற்றையை நேரே விட்டால்
நடுவிலேயே கொதித்துவிடும்.
அதனால் சுழற்றுகிறார்கள்,
கருவறைக்குள் நுழையாமல்
பிரகாரம் மட்டும் சுற்றுகிறவனைப் போல.
எல்லாப் பக்கமும் ஒன்றாக நெருங்க வேண்டும்.
நூற்றில் ஒரு பங்கு பிந்தினாலும்
இறுகப் பிடித்த மாவு
விரலிடுக்கில் பிதுங்குகிற மாதிரி
அந்தப் பக்கமாக ஓடிவிடும்.

பத்துச் சுற்று,
என்றது கேர்நோட்டின் கணக்கு.

சுட்டார்கள்.
சத்தமே இல்லை.
திரையில் வட்டம் வரவில்லை,
ஓர் அவரை விதை வந்தது.

கேர்நோட் எண்களைத் துருவினான்.
வெகுநேரம்.
கற்றை பத்தேகால் முறை சுற்றியிருந்தது.
அந்தக் கால் சுற்று
வலது பக்கத்துக்கு மட்டும்
கூடுதலாய் விழுந்த அடி.

ஓர்ட்ரூன் ஒன்றும் சொல்லவில்லை.
கையுறையைக் கழற்றினாள்,
நேற்றைய ரொட்டியை இரண்டாகப் பிய்த்தாள்.
பெரிய துண்டைத் தானே வைத்துக்கொண்டாள்.

"அடுத்த முறை இடப்பக்கம் தொடங்கிப் பார்க்கலாமா?"

"எங்கே தொடங்கினாலும்
எங்கேயாவது நிறுத்தத்தானே வேண்டும்"
என்றாள், வாய் நிறைய ரொட்டியோடு,
புதுக் குழாய்க்கு
ஈயத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.